காட்டை வரைந்தால் போதுமா? துப்பாக்கி கேம்கள் ஆளை உள்ளே இழுப்பது எப்படி, வெளியே தள்ளுவது எது?

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு பக்கத்தில் இருக்கிற மகாராஜபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் தெரியும். அமாவாசை, பௌர்ணமி என்றால் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறுகிற கூட்டம் அந்த மலையை நோக்கித்தான் போகும். அதே மேற்குத் தொடர்ச்சி மலை, 2023 ஜனவரியில் உலகம் முழுக்க உள்ள கம்ப்யூட்டர் திரைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் ‘வேலரன்ட்’ என்ற துப்பாக்கி கேமில் ‘லோட்டஸ்’ என்று ஒரு புது மேப் வந்தது. அது அமைந்திருப்பதாகக் கதையில் சொல்லப்படும் இடம், இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை.

பாழடைந்த கல் மண்டபம், சுழலும் கல் கதவு, பசுமை சூழ்ந்த சுவர்கள். பார்க்க அழகுதான். ஆனால், மலையடிவாரத்து இளைஞர் ஒருவர் விளையாடினால் ‘இது நம்ம மலை’ என்று தோன்றுமா? சந்தேகம்தான். அட்டைப்பூச்சி இல்லை, வழுக்குப்பாறை இல்லை, பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரியாத மூடுபனி இல்லை. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பத்து நிமிஷம் விளையாடினால் அதே இளைஞர் நாற்காலியை மறந்துவிடுவார், பசியை மறந்துவிடுவார், அம்மா கூப்பிட்டது காதில் விழாது.

மலை மாதிரியே இல்லாத ஒரு மலை எப்படி ஆளை உள்ளே இழுக்கிறது? தத்ரூபமாக வரைந்த சில கேம்கள் ஏன் அரைமணி நேரத்தில் சலித்துப்போகின்றன? இதற்கான பதில் கிராபிக்ஸில் இல்லை. கேம் தன் ஆட்டக்காரரிடம் கொடுக்கிற சின்னச் சின்ன வாக்குகளிலும், அவற்றைக் காப்பாற்றுவதிலும்தான் இருக்கிறது.

‘மூழ்குதல்’ என்றால் என்ன?

கேம் உலகத்தில் இதை ‘இம்மெர்ஷன்’ என்பார்கள். தமிழில் மூழ்குதல் எனலாம். கையில் இருப்பது போன், முன்னால் இருப்பது கண்ணாடித் திரை என்ற நினைப்பு விலகி, ‘நான் அங்கே இருக்கிறேன்’ என்று மனசு ஒப்புக்கொள்கிற நிலை. சினிமாவிலும் நாவலிலும்கூட இது நடக்கும். ஆனால் அங்கே கதாநாயகன் கதவைத் திறக்கிறான், நாம் பார்க்கிறோம். கேமில் கதவைத் திறப்பது ஆட்டக்காரரின் கை. அதனால் ஏமாற்றமும் அவருடையது.

துப்பாக்கி கேம்களில், அதிலும் ‘எஃப்.பி.எஸ்’ எனப்படும் முதல்நபர் பார்வை கேம்களில், இந்தச் சிக்கல் இரண்டு மடங்கு. கேமராவே ஆட்டக்காரரின் கண். திரையின் கீழே தெரிவது அவருடைய கை. கதாபாத்திரத்தை வெளியிலிருந்து பார்க்கிற கேம்களில் ‘அவன் மாட்டிக்கிட்டான்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். இங்கே ‘நான் மாட்டிக்கிட்டேன்’ என்றுதான் சொல்ல வரும். எனவே சின்னப் பிசகும் உடனே உறுத்தும்.

கண்ணும் கையும்: போனில் என்ன நடக்கிறது?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துப் பசங்களில் பலருக்குத் துப்பாக்கி கேம் என்றால் கம்ப்யூட்டர் கிடையாது, போன்தான். மூழ்குதலுக்குப் போன் ஒரு கஷ்டமான இடம்.

மனிதர்களின் இரு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறத்தாழ 180 டிகிரிக்கும் மேல் பார்க்கும். ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப் பிடித்த போன், அதில் சுமார் 30 டிகிரியைத்தான் நிரப்பும். மிச்சமெல்லாம் வீட்டுச் சுவர், ஃபேன், தம்பி. அந்தச் சின்னச் சதுரத்துக்குள் எவ்வளவு அகலமான காட்சியை அடைப்பது என்று வடிவமைப்பாளர் முடிவு செய்ய வேண்டும். ரொம்ப அகலமாக அடைத்தால் எதிரி எறும்பு மாதிரித் தெரிவான். ரொம்பக் குறுக்கினால் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும், சிலருக்குத் தலைசுற்றலும் வரும். கண் ‘ஓடுகிறேன்’ என்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ‘சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாய்’ என்கிறது. இரண்டுக்கும் நடக்கிற சண்டைதான் அந்தத் தலைசுற்றல்.

அடுத்தது வேகம். விநாடிக்கு 60 படங்கள் ஓடினால் ஒவ்வொரு படமும் சுமார் 17 மில்லி விநாடி நிற்கும். 30 படங்கள் என்றால் 33 மில்லி விநாடி. கணக்கில் சின்ன வித்தியாசம். கையில் பெரிய வித்தியாசம். விரலை நகர்த்தியதும் துப்பாக்கி நகர வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ‘இது என் கை இல்லை’ என்று மூளை கண்டுபிடித்துவிடும். அதனால்தான் போட்டிக்காக விளையாடுகிற பசங்க கிராபிக்ஸை ‘ஸ்மூத்’ என்று இறக்கிவைத்துவிட்டு, படவேகத்தை மட்டும் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றிக்கொள்கிறார்கள். மரத்தின் இலை அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. விரல் சொன்னதைத் துப்பாக்கி கேட்க வேண்டும். படிக்காமலே அவர்கள் கண்டுபிடித்த வடிவமைப்புப் பாடம் இது.

போனில் இன்னொரு தொல்லை, கட்டைவிரலே காட்சியை மறைப்பது. ‘கிளா’ என்று நண்டுக்கால் மாதிரி நாலு விரலை மடக்கிப் பிடிப்பது அந்தத் தொல்லைக்கு ஆட்டக்காரர்களே கண்டுபிடித்த வைத்தியம். வடிவமைப்பாளர்கள் கொடுத்த நல்ல வைத்தியம் ‘ஜைரோ’. போனைச் சாய்த்தால் குறி நகரும். பட்டனைத் தட்டுவது போய், உடம்பே அசைகிறது. பப்ஜி மாதிரியான கேம்களில் ஜைரோவுக்குப் பழகியவர்கள் அதை விடமாட்டேன் என்பதற்குக் காரணம், குறி துல்லியமாக விழுவது மட்டுமல்ல, போன் துப்பாக்கியாகிவிடுகிறது.

காது: முதலில் கேட்கும், அப்புறம்தான் தெரியும்

காட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோப்புக்குள் யானை வந்திருக்கிறது என்பதைக் கிளை ஒடிகிற சத்தம்தான் முதலில் சொல்லும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று காதே கணக்குப் போட்டுவிடும். வலப்பக்கத்துச் சத்தம் வலது காதுக்குக் கொஞ்சம் முன்னால், இடது காதுக்குக் கொஞ்சம் பின்னால் வந்து சேரும். இந்த வித்தியாசம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. மூளைக்கு அது போதும்.

நல்ல துப்பாக்கி கேம்கள் இந்தக் கணக்கைத்தான் ஹெட்போனுக்குள் போட்டுக் காட்டுகின்றன. மரப்பலகையில் நடந்தால் ஒரு சத்தம், சரளைக்கல்லில் நடந்தால் வேறு சத்தம். மாடியில் ஆள் இருந்தால் மேலிருந்து கேட்கும். ‘லோட்டஸ்’ மேப் வெற்றி பெறுவது இந்த இடத்தில்தான். அதில் இருக்கிற கல் கதவுகளை யார் வேண்டுமானாலும் சுழற்றலாம். சுழற்றினால் கரகரவென்று சத்தம் வரும், எதிரணிக்கும் அது கேட்கும். கதவைத் திறப்பது வசதியா, காட்டிக்கொடுப்பதா? அந்த ஒரு முடிவு எடுக்கிற நொடியில் கல் நிஜமாகக் கனக்கிறது. அந்த மண்டபம் வெறும் பின்னணி ஓவியமாக இல்லாமல் இடமாக மாறிவிடுகிறது.

இதற்கு நேர்மாறானது, எந்நேரமும் முழங்குகிற பின்னணி இசை. ஆபத்து வந்தால் இசை ஏறும், ஆபத்து போனால் இறங்கும் என்றால், ஆட்டக்காரர் காட்டைக் கேட்பதை நிறுத்திவிட்டு இசையைக் கேட்க ஆரம்பிப்பார். ‘மியூசிக் நின்னுடுச்சு, எல்லாரும் காலி’ என்று அவர் புரிந்துகொண்ட நிமிஷம், இயக்குநர் திரைக்குப் பின்னால் நிற்பது தெரிந்துவிடும்.

நம்ம ஊர் ஆட்டங்களில் இன்னொரு ஒலி உண்டு. அதை எந்த நிறுவனமும் பதிவு செய்து வைக்கவில்லை. “மச்சான், லெஃப்ட்ல கல்லுக்குப் பின்னாடி ஒருத்தன் இருக்கான்டா”, “நாக் ஆயிட்டேன், வந்து ரிவைவ் பண்ணு” என்று ஓடுகிற பேச்சு. கேமின் குரல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கலாம். ஆனால் பக்கத்துத் தெரு நண்பன் குரல் காதுக்குள் வந்ததும், ரஷ்யாவோ மெக்சிகோவோ தெரியாத அந்தத் தீவு சொந்த ஊராகிவிடுகிறது. பப்ஜி தமிழகத்தில் இவ்வளவு ஆழமாக இறங்கியதில் கிராபிக்ஸைவிடப் பெரிய பங்கு இந்த மைக் பட்டனுக்கு உண்டு.

திரையில் ஒட்டியிருக்கும் எண்கள் எதிரியா?

உயிர் எவ்வளவு, குண்டு எத்தனை, மேப் எங்கே என்று திரையின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் விவரங்கள்தான் மூழ்குதலைக் கெடுக்கின்றன என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை.

யுபிசாஃப்டின் ‘ஃபார் க்ரை 2’ (2008) இதற்கு நல்ல உதாரணம். பெயர் சொல்லாத ஓர் ஆப்பிரிக்க நாட்டில் நடக்கிற கதை. மேப் வேண்டுமென்றால் கையில் காகித வரைபடத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். ஜீப் ஓட்டிக்கொண்டே பார்த்தால் பாதை தவறும். பழைய துப்பாக்கி துருப்பிடித்து நடுச்சண்டையில் மக்கர் பண்ணும். குண்டடிபட்டால் கையிலிருந்து குண்டைப் பிடுங்கி எடுக்க வேண்டும். உக்ரைனின் 4ஏ கேம்ஸ் உருவாக்கிய ‘மெட்ரோ 2033’ (2010) இன்னொரு படி மேலே போனது. நச்சுக்காற்றில் முகமூடி இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் சொல்லும். மூச்சு கனமாகும், கண்ணாடியில் விரிசல் விழும். எண் இல்லாமலே பயம் வந்துவிடும்.

அப்போ எண்களைத் தூக்கிவிட்டால் சரியா? இல்லை. 1993-ல் வந்த ‘டூம்’ கேமைப் பாருங்கள். திரையின் அடிப்பாகத்தில் பெரிய பட்டை, அதில் எண்கள், நடுவில் நாயகனின் முகம். அடிபட அடிபட அந்த முகத்தில் ரத்தம் வழியும். எந்த மனிதனும் தன் முகத்தைத் தன் காலடியில் பார்த்துக்கொண்டு சண்டை போடுவதில்லை. ஆனாலும் அது யாரையும் வெளியே தள்ளவில்லை. ‘63 சதவீதம்’ என்ற எண்ணைவிட வீங்கிய கன்னம் சட்டென்று உறைத்தது. விவரம் திரையில் இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமல்ல. அது ஆட்டக்காரரை அந்த நொடிக்குள் வைக்கிறதா, கணக்குப் பார்க்கிற குமாஸ்தாவாக்குகிறதா என்பதுதான் கேள்வி.

வேலரன்ட்டில் எதிரியைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஒளிரும். நிஜக் காட்டில் யாரையும் சுற்றிக் கோடு கிடையாது. ஆனால் அது போட்டி ஆட்டம்; புதருக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாமல் சாவது அங்கே அநியாயம். அந்தக் கோடு ‘இங்கே நீ தோற்றால் உன் கண்ணால் இல்லை, உன் முடிவால்தான்’ என்கிற வாக்கு. அதைக் காப்பாற்றுகிற வரை கோடு உறுத்தாது.

கதை சொல்லும்போது கையைக் கட்டினால்?

வால்வ் நிறுவனத்தின் ‘ஹாஃப்-லைஃப்’ 1998 நவம்பரில் வந்தது. அதற்கு முன்பு பல கேம்கள் ‘கொஞ்சம் நிறுத்து, கதை சொல்கிறேன்’ என்று படம் காட்டிவிட்டு, பிறகு துப்பாக்கியைக் கையில் கொடுத்தன. ஹாஃப்-லைஃப் வேலைக்குப் போகிற ஓர் ஆராய்ச்சியாளரின் ரயில் பயணத்தோடு ஆரம்பிக்கிறது. சுடுவதற்கு எதுவும் இல்லை. பெட்டிக்குள் நடக்கலாம், ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் கேமரா கார்டன் ஃப்ரீமேனின் கண்ணைவிட்டு வெளியே போவதில்லை. கிட்டத்தட்ட கேம் முழுவதும் அப்படித்தான். ஆபத்து வரும்போது அந்தக் கட்டடம் ஏற்கெனவே பழகிய ஆபீஸாகிவிட்டதால், இடிவது ‘செட்’டாகத் தெரியாது.

‘கால் ஆஃப் டூட்டி 4’ (2007) இதே பாடத்தை வேறு மாதிரி பயன்படுத்தியது. அணுகுண்டு வெடித்து ஹெலிகாப்டர் விழுந்த பிறகு, சாகப்போகிற சிப்பாயின் உடம்பை ஆட்டக்காரரே நகர்த்த வேண்டும். சில அடி தவழலாம். எதையும் மாற்ற முடியாது. அதையே தனிப் படமாகக் காட்டியிருந்தால் ‘ஐயோ பாவம்’ என்பதோடு போயிருக்கும். கையில் கொடுத்ததால் நெஞ்சில் நிற்கிறது.

வாக்கு தவறினால் என்ன ஆகும்?

மூழ்குதல் உடைவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: கேம் சொன்ன விதியை அதுவே மீறுவது. ராக்கெட் லாஞ்சரால் டாங்கியை உடைக்கிற வீரனால் ஒரு மரக்கதவை உடைக்க முடியாது என்பார்கள். முழங்கால் உயர வேலியைத் தாண்ட முடியாது என்பார்கள். ‘ஃபார் க்ரை 2’ அவ்வளவு உழைத்து உருவாக்கிய உலகத்தை ஒரு முடிவில் கோட்டைவிட்டது. கஷ்டப்பட்டுக் காலி செய்த சோதனைச்சாவடியை விட்டுக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால், அங்கே புது ஆட்கள் துப்பாக்கியோடு நிற்பார்கள். செய்த வேலைக்கு அந்த உலகத்தில் தடயமே இல்லை. அந்த கேமை இயக்கிய கிளின்ட் ஹாக்கிங்தான், கதை ஒன்று சொல்ல ஆட்டத்தின் விதி வேறொன்று சொல்வதை விமர்சித்து 2007-ல் எழுதி, அந்த முரணுக்கு ஒரு பெயரும் வைத்தவர் என்பது வேடிக்கை.

பப்ஜி ஆடியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் புல். ஒருவர் உயரமான புல்லுக்குள் படுத்திருக்கிறார். அவர் திரையில் சுற்றிலும் புல். ‘யாரும் பார்க்க முடியாது’ என்று நம்புகிறார். ஆனால் தூரத்தில் இருக்கிறவரின் போன், பாரம் தாங்காது என்பதால் அந்தப் புல்லை வரைவதே இல்லை. அவருக்கு வெறும் தரையில் ஒரு ஆள் படுத்திருப்பது தெரிகிறது. டுமீல். செத்தவர் தோல்வியைவிடத் துரோகத்தைத்தான் உணர்கிறார். இது சோம்பேறித்தனத்தால் வந்த குறை இல்லை, போனின் சக்திக்குள் அடைக்க எடுத்த முடிவு. ஆனாலும் புல் மறைக்கும் என்று கேம் சொல்லியிருக்கவே கூடாது.

அதே பப்ஜியில் சுருங்கிக்கொண்டே வரும் வட்டம் ஒன்று இருக்கிறது. வெளியே நின்றால் உயிர் குறையும். எந்த ஊரில் அப்படி வட்டம் இருக்கிறது? யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஒவ்வொரு முறையும் தவறாமல் வேலை செய்கிறது. பொய்யான விதியை மனசு மன்னிக்கும். மாறுகிற விதியை மன்னிக்காது.

பச்சை ரத்தம் கெடுத்ததா?

2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு தடை செய்த 118 ஆப்களில் பப்ஜி மொபைலும் ஒன்று. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் அதே கேமை இந்தியாவுக்கென்று ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் ஆப் ஸ்டோர்களிலிருந்து இறங்கியது. 2023 மே மாதம் திரும்பி வந்தது.

இந்தியப் பதிப்பில் சில மாற்றங்கள் வந்தன. ரத்தம் பச்சை நிறமானது. ‘கில்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘ஃபினிஷ்’ வந்தது. ‘இது நிஜ உலகம் இல்லை, கற்பனை உலகம்’ என்ற அறிவிப்பும் சேர்ந்தது. அப்போது பலரும் கேலி செய்தார்கள். ஆனால் ஆட்டம் குறைந்ததா? இல்லை. இரண்டு மேட்ச் முடிந்ததும் பச்சைத் தெறிப்பு ‘குண்டு பட்டது’ என்ற தகவலாக மட்டும் மனசில் பதிந்துவிட்டது. நிறம் மாறினாலும் விதி மாறவில்லை.

இதில் இரண்டு பாடங்கள். ரத்தம் தெறித்தால்தான் பசங்க ரசிப்பார்கள் என்கிற கேம் நிறுவனங்களின் சாக்கு எடுபடாது. ரத்தத்தின் நிறத்தை மாற்றினால் பசங்க கேமை விட்டு எழுந்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பும் எடுபடாது. இழுப்பு அங்கே இல்லை.

உண்மையில் கெடுப்பது கடை

மூழ்குதலை இன்று அதிகம் உடைப்பது தொழில்நுட்பக் குறை அல்ல, கடை. கேமைத் திறந்ததும் ஆஃபர், அதை மூடினால் இன்னொரு ஆஃபர், அதையும் மூடினால் ‘இன்றைய பரிசு’. விளையாட்டு ஆரம்பிப்பதற்குள் பெருக்கல் குறியைத் தேடித் தேடி நாலு முறை தட்ட வேண்டும். போர்க்களத்தில் இறங்கினால் பக்கத்தில் தங்க நிறத்தில் மின்னுகிற உடை. ‘கால் ஆஃப் டூட்டி’ தன்னை ராணுவக் கதையாகக் காட்டிக்கொள்கிற கேம். 2023-ல் அதில் பாடகி நிக்கி மினாஜ் உருவத்தில் துப்பாக்கியோடு ஓட முடிந்தது. இது தப்பா என்றால், கோமாளித்தனமான கேமில் தப்பில்லை. ‘இது போர், ஜாக்கிரதை’ என்று சொல்லிவிட்டு அப்படிச் செய்தால் அது தானே போட்ட கோட்டைத் தானே அழிப்பது.

கடையே இருக்கக் கூடாதா? இலவச கேமுக்கும் சம்பளம் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்; பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஆனால் கடையைக்கூட உலகத்துக்குள் வைக்கலாம். ‘மெட்ரோ 2033’-ல் ராணுவத் தரத் தோட்டாதான் பணம். கடைக்காரரிடம் கொடுத்து மருந்து வாங்கலாம். ஆபத்தில் அதையே துப்பாக்கியில் போட்டுச் சுடவும் செய்யலாம். சுடுகிற ஒவ்வொரு குண்டும் காசைக் கரியாக்குவது. பணம் என்ற விஷயத்தாலேயே அந்த உலகத்தின் பஞ்சத்தை உணர வைத்துவிட்டார்கள்.

நம்ம மலையை கேமாக்கினால்...

இந்தியாவிலும் இப்போது துப்பாக்கி கேம்கள் உருவாகின்றன. 2021 குடியரசு தினத்தன்று வந்த ‘ஃபௌஜி’ கல்வான் பள்ளத்தாக்கைக் களமாக எடுத்துக்கொண்டது. இடம் எல்லோருக்கும் தெரிந்த இடம், உணர்ச்சியும் இருந்தது. ஆனால் நடந்து போ, அடி, மறுபடி நடந்து போ என்பதற்கு மேல் அந்தப் பனிமலை ஆட்டத்தில் எதையும் மாற்றவில்லை. புனேயின் சூப்பர்கேமிங் நிறுவனம் 2024 அக்டோபரில் ‘இண்டஸ்’ கொண்டுவந்தது. இந்தியச் சாயல் உள்ள உடை, கட்டடம் என்று உழைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த படி, அந்தச் சாயல் விதிக்குள்ளும் இறங்குவது.

துப்பாக்கியே இல்லாத ஒரு கேம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. கனடாவின் விசாய் கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’, டொரன்டோவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, மை கலைந்து கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை யோசித்து இட்லி சுட வேண்டும். அந்தப் புதிரே புலம்பெயர்ந்தவர்களின் நிலைமை. அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது 2024-ல் அதற்குக் கிடைத்தது. தமிழ்த்தன்மை சுவரில் மாட்டிய படமாக இல்லாமல் கை செய்கிற வேலையாக இருந்ததே அதன் பலம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கும் இதே அளவுகோல்தான். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. அதை கேமாக்க நினைக்கிற இளைஞருக்கு மரம், பாறை, கொடி எல்லாம் இணையத்தில் ரெடிமேடாகக் கிடைக்கும். கிடைக்காதது விதி. பனி இறங்கினால் துப்பாக்கியின் தொலைநோக்கி பயனற்றுப் போக வேண்டும். அணில் கத்தினால் அங்கே ஆளோ விலங்கோ நகர்கிறது என்று அர்த்தம் இருக்க வேண்டும். ஓடையில் திடீரென்று தண்ணீர் ஏறினால் வந்த வழி அடைபட வேண்டும். யானை நிற்கிற பாதையில் யாருடைய துப்பாக்கிக்கும் மதிப்பு இருக்கக் கூடாது. கோயில் கோபுரத்தை வரைந்து ஓரத்தில் நிறுத்துவதைவிட இதில் ஒன்றே ஒன்று போதும், விளையாடுபவர் மலைக்குள் வந்துவிடுவார்.

மூழ்குவது வேறு, சிக்குவது வேறு

“எந்நேரமும் போனுக்குள்ளேயே கிடக்கான்” என்று பெற்றோர் சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்கள் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகின்றன. நல்ல வடிவமைப்பால் ஒரு மணி நேரம் தன்னை மறப்பது மூழ்குதல். அதற்கு ஒரு முடிவு உண்டு. மேட்ச் முடியும், கதை முடியும், ஆள் வெளியே வருவார். இன்று உள்ளே வராவிட்டால் பரிசு போய்விடும், இந்த வாரம் வாங்காவிட்டால் ஸ்கின் போய்விடும், பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது, இன்னொன்று திறந்து பார் என்று இழுப்பது சிக்கவைத்தல். அது முடியாத மாதிரி கட்டப்பட்டது. முதலாவது கலை, இரண்டாவது வியாபாரத் தந்திரம். விசித்திரம் என்னவென்றால், இரண்டாவது வளர வளர முதலாவது செத்துப்போகிறது. ஆஃபர் அறிவிப்புகளுக்கு நடுவே யாராலும் எந்தக் காட்டுக்குள்ளும் முழுசாக இருக்க முடியாது.

சட்டங்கள் இதுவரை பார்த்திருப்பது பணத்தையும் நேரத்தையும். 2025 ஆகஸ்ட்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்தது, இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது. 2023-ல் திரும்பி வந்த பேட்டில்கிரவுண்ட்ஸ் கேமில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்ற வரம்பு உண்டு. தேவையானவைதான். ஆனால் அந்த 3 மணி நேரத்துக்குள் கேம் பையனிடம் என்ன செய்கிறது என்று மணிக்கணக்கு சொல்லாது. ஒரு மணி நேரம் நண்பர்களோடு திட்டம் போட்டு ஜெயித்துவிட்டு எழுவதும், அதே ஒரு மணி நேரம் பரிசுப்பெட்டி திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதும் கடிகாரத்துக்கு ஒன்றுதான்.

எனவே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு நேரம்?’ என்பதோடு நிற்கக் கூடாது. கேமை மூடிய பிறகு அவனைத் திரும்பக் கூப்பிடுவது எது, நண்பனா, ஆட்டமா, அல்லது போனில் வந்து விழுகிற அறிவிப்பா? அறிவிப்புதான் என்றால், அதை அணைக்க செட்டிங்ஸில் ஒரு நிமிஷம் போதும். சண்டை போட்டு போனைப் பிடுங்குவதைவிட அது சுலபம். கேம் உருவாக்குகிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. தங்கள் உலகம் நன்றாக இருப்பதால் ஆள் தங்குகிறாரா, கதவைப் பூட்டிவிட்டதால் தங்குகிறாரா? முதல் வகை கேம்களைத்தான் 1998-லிருந்து இன்றுவரை ஆட்கள் பேர் சொல்லிப் பேசுகிறார்கள்.